வானுக்கும் வேலியா?

சாதி சொல்லிக் கதவடைத்த காலத்தில், அடைத்த கை எது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் எதிர்க்க முடிந்தது. எதிர்த்ததால் கதவும் திறந்தது. இன்றோ கதவு அகலத் திறந்து கிடக்கிறது. காவலன் இல்லை, கட்டுப்பாடு இல்லை. ‘எவரும் வரலாம், எல்லோரும் வரலாம்’ என்று அறிவிப்புப் பலகை தொங்குகிறது. உள்ளே நுழையக் கையில் ஒரு கோடி ரூபாய் வேண்டும், அவ்வளவே! விமானம் ஓட்டும் தொழிலைத்தான் சொல்கிறோம்.

பெரம்பலூரில் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சிமென்ட் ஆக்குகிறார்கள். இங்கே விமானிகளின் வேலைவாய்ப்பைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கும் பெருமக்கள் இருக்கக்கூடும். அவர்களை ஒருநாள் திருச்சி விமான நிலையத்துக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள். செந்துறையிலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பெட்டி கட்டிக்கொண்டு புறப்படும் இளைஞர்களைக் காண்பார்கள். கடன் வாங்கிச் சீட்டு எடுத்தவனை ஏற்றிக்கொள்ள விமானம் தயங்குவதில்லை. அவன் தம்பி அதே விமானத்தின் முன்னிருக்கையில் அமர விரும்பினால்தான் ஆயிரம் கேள்வி எழுகிறது. பறந்து போகப் பாட்டாளி, பறக்கவைக்கப் பணக்காரன்! இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தவர் யார்?

விமானியாவதற்கு வேண்டிய தகுதிகள் மறைபொருள் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். வான்வழி காணல், வானிலை, விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் மைய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் தேர்வுகளில் வெற்றிபெற வேண்டும். இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் நூறு மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். இவ்வளவும் முடித்தவனுக்கு வணிக விமானி உரிமம் கிடைக்கும். நன்று! இதில் ஒரு விதியைக்கூடத் தளர்த்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஆதிக்கக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தேர்வு, அடித்தட்டு வீட்டுப் பிள்ளைக்கு வேறு தேர்வு என்று எவரும் கோரவில்லை. பெரம்பலூர் அரசுப் பள்ளியிலும் அதே இயற்பியல்தான். அரியலூரிலும் அதே கணிதந்தான்.

ஆனால் அந்த இருநூறு மணி நேரம் இருக்கிறதே, அது அறிவால் அளக்கப்படுவதில்லை, ரூபாயால் அளக்கப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலிக்கு அருகே 1985இல் மைய அரசே தொடங்கிய இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிலையத்தில்கூடக் கட்டணம் ஏறத்தாழ 45 இலட்சம். தனியார் பள்ளிகளில் அதற்கும் மேல். வங்கிக்குப் போனால், ஏழரை இலட்சத்தைத் தாண்டும் கல்விக் கடனுக்குப் பொதுவாக ஈடு கேட்பார்கள். மானாவாரிக் கரிசல் காட்டை வைத்திருப்பவன் எத்தனை ஏக்கரை எழுதிக் கொடுத்தால் ஐம்பது இலட்சம் வரும்?

விற்றும் அடகு வைத்தும் ஒருவன் உரிமத்தைப் பெற்றுவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேதான் உண்மையான அநீதி தொடங்குகிறது. உரிமம் மட்டும் போதாது. குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். டைப் ரேட்டிங் என்பார்கள். அதற்குப் பதினைந்து இருபது இலட்சம் மேலும் செலவு. அதையும் முடித்துவிட்டு விமான நிறுவனத்தின் வாயிலில் போய் நின்றால், ‘எங்களுக்கென்று தனிப் பயிற்சித் திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்தவர்களுக்கே முதலிடம்’ என்ற விடை காத்திருக்கிறது. கேடட் திட்டம் என்பது அதன் பெயர். நிறுவனம் கைகாட்டும் பள்ளியில், நிறுவனம் சொல்லும் கட்டணத்தைக் கட்டிப் படிக்க வேண்டும். கட்டணம் ஒரு கோடியைத் தொடும். சில திட்டங்களில் தாண்டும். கட்டியவன் பயிற்சிக்குப் போகும்போதே வேலைக்கான உறுதிக் கடிதத்துடன் போகிறான். தனியே படித்து, அதே தேர்வை எழுதி, அதே உரிமத்தைப் பெற்றவனோ விளம்பரம் எப்போது வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கிறான். 2023ஆம் ஆண்டில் மட்டும் 1,622 பேருக்கு வணிக விமானி உரிமம் வழங்கப்பட்டது. அவர்களை வரிசையில் நிறுத்தியது மதிப்பெண் பட்டியலா, வங்கிக் கணக்கா?

வேலையை விலைக்கு விற்பது இலஞ்சம் என்று சட்டம் சொல்கிறது. வேலைக்கான பயிற்சியை விலைக்கு விற்று, பயிற்சியோடு வேலையையும் சேர்த்துக் கட்டித் தந்தால் அதற்குப் பெயர் திட்டமாம்!

‘இது உயிர்ப் பாதுகாப்புச் சங்கதி, தகுதியும் திறமையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்’ என்று உடனே உபதேசம் தொடங்கும். இந்தத் தகுதி திறமைப் புராணம் நமக்குப் புதிதன்று. மண்டல் குழுவின் பரிந்துரையை ஏற்று 1990 ஆகஸ்டில் வி. பி. சிங் அரசு ஆணை பிறப்பித்தது; வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1992 நவம்பர் 16 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு நிலைபெற்றது. கொண்டாடினோம், இன்றும் கொண்டாடுகிறோம். ஆனால் அந்த நீண்ட தீர்ப்பின் ஒரு மூலையை நம்மில் பலர் பார்த்ததில்லை. இடஒதுக்கீடு பொருந்தாது என்று கருதத்தக்க பணிகள் என ஒரு சிறு பட்டியல் அங்கே இருக்கிறது. இராணுவம், அணு ஆற்றல், விண்வெளி ஆராய்ச்சியின் தொழில்நுட்பப் பணிகள், பேராசிரியர் பதவி, உயர் சிறப்பு மருத்துவம் என்று போகும் அப்பட்டியலில், இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா நிறுவனங்களின் விமானிகளும் துணை விமானிகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள்! அது எடுத்துக்காட்டுப் பட்டியலே, முடிவு செய்யவேண்டியது அரசு என்றும் தீர்ப்பு சொல்லிற்று, உண்மை. என்றாலும், நாட்டின் எண்ணற்ற பணிகளுக்கு நடுவே விமானியின் இருக்கையைத் தேடிப்பிடித்து, ‘இங்கே சமூகநீதி வரவேண்டாம்’ என்று எழுதிய எழுத்து எழுதியபடியே நிற்கிறது.

இதற்கு விடை சொல்ல அரியலூரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துச் செல்ல, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட ஊர் அது. லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ரயில்வே துணை அமைச்சராயிருந்த ஓ. வி. அழகேசனை நோக்கி நம் கழகம் எழுப்பிய முழக்கம் மூத்த தோழர்களின் செவியில் இன்னும் ஒலிக்கும். அந்த விபத்துக்குக் காரணம் வெள்ளமும் வலுவற்ற பாலமும், ஓட்டுநரின் சாதியன்று. அதே தடத்தில் இன்றும் வைகையும் பல்லவனும் ஓடுகின்றன. ஒரு ரயிலில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் போகிறார்கள். அதன் ஓட்டுநர் இடஒதுக்கீட்டு முறைப்படி தேர்வு பெற்றவர். அவருக்குப் பயிற்சி அளித்தது ரயில்வே, தன் செலவில். ஆயிரம் பேரைச் சுமக்கும் எஞ்சினை நம்பி ஒப்படைக்கலாம். நூற்றெண்பது பேரைச் சுமக்கும் விமானத்தை ஒப்படைத்தால் திறமை தேய்ந்துவிடுமா? அது போகட்டும். ஒலியை விஞ்சும் போர் விமானத்தை ஓட்டும் வீரனிடம் இந்திய விமானப்படை பயிற்சிக் கட்டணம் கேட்கிறதா? தேர்ந்தெடுக்கிறது, சோறு போட்டுப் பயிற்சி அளிக்கிறது. அங்கே ஒரு கோடி இல்லாதவனும் திறமைசாலியாக இருக்க முடிகிறதே, எப்படி?

பெண்களுக்கு வானம் ஒத்துவராது என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் இவர்களே. இன்று இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலகச் சராசரியைப்போல் மும்மடங்கு. எந்த விமானமும் அதனால் விழவில்லை.

தகுதியின் பெயரால் இந்த மண் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்திருக்கிறது. செந்துறைக்கு அருகே குழுமூரில், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தார். அந்த மதிப்பெண்ணை ஒரு நீட் தேர்வு செல்லாக் காசாக்கிற்று. உச்சநீதிமன்றம்வரை போய் முறையிட்ட அப்பெண்ணை 2017 செப்டம்பர் முதல் நாள் இழந்தோம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மருத்துவத்தில் நமக்குக் கல்லூரியாவது இருந்தது, போராட ஒரு களம் இருந்தது. விமானத்துறையில் அதுவும் இல்லை.

ஏன் இல்லை? 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அலகாபாத்தில் அரசே பயிற்சி நிலையம் நடத்திற்று. பறக்கும் கழகங்களுக்கு அரசின் உதவித்தொகை இருந்தது. பிறகு 1994இல் வானம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவும் டாட்டாவிடம் கைமாறியது. அலையன்ஸ் ஏர் என்ற சிறு நிறுவனத்தைத் தவிர இன்று அரசின் கையில் பயணிகள் விமான நிறுவனம் இல்லை. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசுப் பணியைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரைத் தொடாது. 1992இல் ‘இந்த இருக்கைக்கு வேண்டாம்’ என்றார்கள். முப்பது ஆண்டுக்குப் பின் இருக்கையையே தூக்கித் தனியாரிடம் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போனவனுக்காவது மரியாதை உண்டா என்றால், 2025 ஜூனில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பயிற்சி விமானி ஒருவர், சாதியைச் சொல்லித் தம்மை இழிவுபடுத்தியதாகக் காவல்துறையில் முறையிட்ட செய்தி வந்தது. நிறுவனம் மறுத்தது. மெய் எது என்பதை விசாரணை சொல்லட்டும்.

விமானிகளே தேவைப்படவில்லை என்றால் நாம் வாய் திறக்கமாட்டோம். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. களைப்புற்ற விமானி ஆபத்து என்று புதிய ஓய்வு விதிகள் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டமாக நடப்புக்கு வந்தன. டிசம்பரில் என்ன நடந்தது? போதிய விமானிகள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களைக் கைவிட்டது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல்! அரசு என்ன செய்தது? விதியைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. பாதுகாப்பு பாதுகாப்பு என்று பாட்டாளி வீட்டுப் பிள்ளையிடம் ஓதியவர்கள், முதலாளி நெருக்கடியில் சிக்கியதும் அதே பாதுகாப்பை மூட்டை கட்டி வைத்தார்கள்!

அப்போது தட்டுப்பாடு தலைமை விமானிகளுக்குத்தான், புதியவர்களுக்கு அன்று என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தலைமை விமானி வானிலிருந்து குதிப்பதில்லை. ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்தவனுக்கே அதற்கான உரிமம். துணை விமானியின் இருக்கையில் இன்று அமர்த்தப்படாதவன் நாளைத் தலைமை விமானியாவது எங்ஙனம்? விதை நெல்லைக் களத்தில் காயவிட்டுவிட்டு, அறுவடை குறைந்ததென்று புலம்பும் மிராசுதாரைப் பார்த்திருக்கிறோம். இவர்களும் அந்த வகைதான்.

மைய அரசு எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. பட்டியல் சாதி மாணவருக்கான உயர்தரக் கல்வி உதவித் திட்டத்தில் தனியார் பறக்கும் கழகங்களில் விமானிப் பயிற்சிக்கு ஆண்டுக்கு 3.72 இலட்சம் ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். ஐம்பது இலட்சம் ஆழமுள்ள கிணற்றுக்கு நான்கு முழக் கயிறு! பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023இல், வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும் விமானியாக வேண்டும் என்று சொல்லி, முழுப் பயிற்சிச் செலவையும் தானே ஏற்கும் திட்டத்தை அறிவித்தது. அது தருமசாலை அன்று. இலாபம் பார்க்கும் நிறுவனந்தான்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. உரிமம் பெற்ற அனைவரும் எழுதும் பொதுத் தேர்வு ஒன்றை வைத்து, தர வரிசையை வெளிப்படையாக அச்சிட்டு, அதிலிருந்தே துணை விமானிகளை எடுக்கவேண்டும் என்று விமான நிறுவனங்களுக்கு நிபந்தனை விதிக்கலாம். டைப் ரேட்டிங் செலவை நிறுவனமே ஏற்று, சில ஆண்டுப் பணிக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். மாநிலத்தில் எந்த ஆட்சி இருப்பினும், பெரம்பலூரிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வரும் உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை பாழாய்க் கிடப்பதைப் பார்க்கவேண்டும்; அரசுப் பயிற்சிப் பள்ளிக்கு ஓடுபாதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தனியார் துறையிலும் இடஒதுக்கீடு என்ற கோரிக்கைக்கு இந்தத் துறையைவிடப் பொருத்தமான தொடக்கம் எது?

கிளைக் கழகத் தோழர்கள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, பெரம்பலூர்த் தொகுதி உறுப்பினருக்கும், அரியலூரும் ஜெயங்கொண்டமும் குன்னமும் அடங்கிய சிதம்பரம் தொகுதி உறுப்பினருக்கும் அனுப்பவேண்டும். நாடாளுமன்றத்தில் அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. கடந்த ஐந்தாண்டில் உரிமம் பெற்றவர்களில் வேலை கிடைத்தவர் எத்தனை பேர்? அவர்களில் நிறுவனங்களின் கேடட் திட்டத்துக்குப் பணம் கட்டி வந்தவர் எத்தனை பேர்? பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் எத்தனை பேர்? கணக்கே எடுக்கவில்லை என்று அமைச்சர் சொன்னால், அந்த விடையையும் அப்படியே அச்சிட்டுக் குன்னத்துச் சந்தையிலும் செந்துறைக் கடைவீதியிலும் ஒட்டுங்கள்.