தேங்காயெண்ணெயும் இரவற் புகழும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வாழ்பவர்க்குத் தென்னையின் பெருமையை எடுத்துரைத்தல் மிகையாகும். திருவரங்கத்துத் தோப்புகளும் கரையோரச் சிற்றூர்களின் தோப்புகளும் இளநீரும் காயும் கீற்றும் கயிறும் நமக்குத் தந்துவருகின்றன. ஆயினும், சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலெண்ணெயும், தலைக்குத் தேங்காயெண்ணெயும் கொள்வதே திருச்சிராப்பள்ளியாரின் நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்திலோ தேங்காயெண்ணெய் தலையினின்று இறங்கி வாய்க்குள் புகுந்திருக்கிறது. காலைதோறும் இரண்டு கரண்டி பருகின் உடல் இளைக்கும், மூளை தெளியும் என்பாரைப் பல இடங்களிலும் காண்கிறோம். காரணம் வினவினால், "அதில் எம்.சி.டி. இருக்கிறதே!" என்னும் விடை உடனே வருகிறது. இவ்விடை பாதி மெய். பாதி மெய்யானது சிற்சில வேளைகளில் முழுப் பொய்யினும் மிகுந்த தீங்கு பயக்கும் என்பதே நமது கருத்து.

எம்.சி.டி. என்பது நடுத்தரச் சங்கிலி டிரைகிளிசரைடு என்பதன் சுருக்கம். எண்ணெய் எதுவாயினும் அதன் பெரும்பகுதி டிரைகிளிசரைடே. அஃதாவது, கிளிசரின் ஒன்றோடு கொழுப்பு அமிலங்கள் மூன்று கூடிய பொருள். அவ்வமிலங்கள் கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலிகள் ஆகும். 6 முதல் 12 வரை அணுக்களை உடையவற்றை நடுத்தரச் சங்கிலிகள் என்றும், அவற்றின் மேற்பட்டவற்றை நெடுஞ்சங்கிலிகள் என்றும் இரசாயன நூலார் வகுப்பர். இவற்றுள் 8 அணுக்களையுடைய காப்ரிலிக் அமிலமும், 10 அணுக்களையுடைய காப்ரிக் அமிலமும் வெள்ளாட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயர் பெற்றவை. 12 அணுக்களையுடையது லாரிக் அமிலம்.

பெயரளவில் இவை ஒரு குலத்தனவாயினும் உடலினுள் ஒரே நெறியிற் செல்வனவல்ல. நெடுஞ்சங்கிலிக் கொழுப்புச் செரிப்பதற்குப் பித்தநீரின் துணை வேண்டும். பின்னர் அது நிணநீர்க் குழாய்களின் வழியே சுற்றிச் சென்றே இரத்தத்தை அடையும். 8, 10 அணு அமிலங்களோ குடலினின்று சிரை வழியே நேராகக் கல்லீரலை அடைந்து விரைவில் எரிந்து ஆற்றல் தருகின்றன. முக்கொம்பில் அகண்ட காவிரி இரு கிளையாகப் பிரிதல்போல இங்கும் வழி இரண்டு. லாரிக் அமிலம் எண்ணிக்கையால் நடுத்தரக் குலத்ததேனும், அதன் பெரும்பகுதி நெடுஞ்சங்கிலிகள் செல்லும் நிணநீர் வழியையே பற்றுகிறது. தேங்காயெண்ணெயின் அமிலங்களில் ஏறத்தாழப் பாதி இந்த லாரிக் அமிலமே. காப்ரிலிக்கும் காப்ரிக்கும் சேர்ந்து சுமார் 10 முதல் 15 விழுக்காடுதான்.

மருத்துவர் கூறும் எம்.சி.டி. எண்ணெய், 8, 10 அணு அமிலங்களையே பெரும்பாலும் உடையது. தேங்காயெண்ணெயையோ பனங்கொட்டை எண்ணெயையோ அமிலங்களாகப் பிரித்து, வேண்டியவற்றைக் காய்ச்சி வடித்து, மீண்டும் கிளிசரினோடு கூட்டி அதனைச் செய்கின்றனர். 1950-களில் அமெரிக்காவில் உருப்பெற்ற முறை இது. மரச்செக்கு எத்துணைச் சிறந்ததாயினும் இப்பிரிவினையைச் செய்ய வல்லதன்று.

இவ்வெண்ணெயின் பயன்கள் மெய்யானவை. நிணநீர் மார்புக்குள் கசியும் நோயுடையாருக்கும், கொழுப்பை உட்கொள்ளும் ஆற்றல் குடலிற் குன்றியவர்க்கும் இஃது உணவாகிறது. மருந்துக்கு அடங்காத காக்கை வலிப்புடைய குழந்தைகளுக்கு இதனைக் கொண்டு அமைத்த உணவுமுறையை 1971-இல் ஹட்டன்லாக்கர் என்னும் மருத்துவர் வெளியிட்டார். முகப்பூச்சுக் களிம்புகளிலும் இது சேர்கிறது. ஆனால் உடலுக்கு இன்றியமையாத லினோலிக் முதலிய அமிலங்கள் இதில் இல்லை. திடீரென மிகுதியாக உண்டால் வயிற்றுவலியும் கழிச்சலும் உண்டாகும். ஆதலின் இதுவும் அளவறிந்து கொள்ளத்தக்கதே.

இனி நம் மாணவர்பால் ஒரு குறை கூறுவோம். சோப்பாக்கல் எண் காணும் சோதனையை இரசாயன மாணவர் அறிவர். சாராயத்திற் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடோடு எண்ணெயைக் கொதிக்கவைத்து, மிஞ்சிய காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளக்கிறோம். சங்கிலி குறுகக் குறுக, ஒரு கிராம் எண்ணெய்க்கு வேண்டும் காரம் மிகும். கடலெண்ணெய்க்கு அவ்வெண் சுமார் 190, தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 250 முதல் 260, எம்.சி.டி. எண்ணெய்க்கோ 310 முதல் 360. தேங்காயெண்ணெயும் எம்.சி.டி. எண்ணெயும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இவ்வெண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமும் பெற்றவர், மாலையில் கடைத்தெருவிற் சென்று இரண்டும் ஒன்றே என நம்பி வாங்குகின்றனர். கல்வி ஆய்வுக்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடுமாயின் அதனாற் பயன் யாது?

இரசாயனம் பயிலாதாரும் ஓர் உண்மையைத் தம் வீட்டிலேயே காணலாம். மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய்ப் புட்டி உறைந்திருக்கும். அருகே வைத்த எம்.சி.டி. எண்ணெய் நீர்போல் நெகிழ்ந்தே நிற்கும்.

இதனைச் சிறு பிழையென்று தள்ளல் தகாது. நெடுஞ்சங்கிலிக் கொழுப்பை எரிக்கும் ஆற்றல் பிறவியிலேயே குன்றிய குழந்தைகள் உளர். அத்தகைய குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தந்த எண்ணெய் விலை மிக்கது. "இதுவும் அதுவே" என்று அயலார் ஒருவர் அன்பினாற் கூற, ஏழைத் தாய் தேங்காயெண்ணெயை ஊட்டுவாளாயின், அக்குழந்தையின் உயிருக்கே அஃது இடையூறாகும். சொன்னவரிடம் வஞ்சமில்லை, ஊட்டியவளிடம் அன்புக்குக் குறைவில்லை, இல்லாதது அறிவு ஒன்றே. அவ்வறிவோ நம் குறிப்பேட்டில் உறங்கிக்கிடக்கிறது!

தென்னையை நாம் இகழ்வதாக எவரும் கருதற்க. தேங்காயெண்ணெய் நறுமணமுள்ள நல்ல உணவுப்பொருள். நிறைவுற்ற கொழுப்பு மிக்கதாதலின் அளவோடு கொள்ளத்தக்கது. இரத்தத்திற் கெட்ட கொழுப்பை உயர்த்த வல்லது என்பதும் மறத்தற்கில்லை. தனக்குரிய புகழே தனக்குப் போதுமானதாயிருக்க, பிறிதொன்றன் புகழை அஃது இரவல் வாங்குவானேன்?

1888-இல் நம் திருவானைக்காவிற் பிறந்த சர். சி. வி. இராமன், கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று பெரியோர் கூறியதை அவ்வாறே ஏற்காது, 1921-இல் கப்பற் பயணத்தின்போது தாமே சோதித்தறிந்தார். அவர் பிறந்த மண்ணில் பயிலும் நாம் ஒரு புட்டியின் மேலெழுதிய சொல்லையேனும் சோதியாது விடலாமோ? மாணவ அன்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் குறிப்பேட்டின் அவ்வொரு பக்கத்தையும் உடன்கொண்டு செல்லுங்கள். தாய்க்கும் தமக்கைக்கும் எளிய தமிழில் அதன் பொருளை விளக்குங்கள். கற்ற கல்விக்கு அதனினும் சிறந்த தேர்வு வேறில்லை.