பத்து நாள் கெடு



திருவண்ணாமலை தேரடி வீதியைச் சுற்றியுள்ள டி.டி.பி. கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பதினொன்னு ஒத்து வரல சார். பழைய பத்துக்கே போயிடலாம்னு போனேன். இப்ப சிஸ்டமே எழுந்திருக்க மாட்டேங்குது."

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பயந்துபோய்ப் பலர் 11-க்கு மாறினார்கள். மாறியவர்களில் சிலர் இப்போது திரும்பப் பார்க்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் பேஜ்மேக்கரும், டாங்கிள் செருகினால்தான் திறக்கும் தமிழ் மென்பொருளும், வருடக்கணக்கில் உழைத்த பிரிண்டரும் முரண்டு பிடித்தால், புது விண்டோஸின் அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திரும்புவதற்கு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரெக்கவரி, அங்கே 'கோ பேக்'. பழைய விண்டோஸை 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் மூட்டை கட்டி சி டிரைவிலேயே வைத்திருப்பார்கள். அதைப் பிரித்து மறுபடி நிறுத்துவதுதான் வேலை. ஆனால் கெடு உண்டு. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது 30 நாள் கொடுத்தார்கள். 2016இல் அதை 10 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நம் மலைமேல் மகாதீபம் 11 நாள் எரிகிறது. தீபத்தன்று புது விண்டோஸ் ஏற்றியவருக்கு, தீபம் குளிரும் முன்பே திரும்பும் வழி அடைபட்டுவிடும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் அந்த ஃபோல்டரைத் துடைத்தவருக்கு அந்தப் பத்து நாளும் இல்லை.

கெடுவுக்குள் திரும்புகிறவர்களும் அவசரப்படக் கூடாது. மாறிய பிறகு போட்ட மென்பொருள்கள் போய்விடும். இடையில் பாஸ்வேர்டு மாற்றியிருந்தால், பழையதுதான் கேட்கும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் வெகுநேரம் கறுப்புத் திரைதான். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பட்டனை அழுத்துகிறவர்களால்தான் பாதிச் சிஸ்டங்கள் படுக்கின்றன. மீதிக்கு மின்வெட்டு. யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போன கடையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சரி, படுத்துவிட்டது. என்ன செய்வது? கணினியை ஆன் செய்து, லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் நீலத்திரையில் பழுதுபார்க்கும் பட்டியல் வரும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' முதலில். பிறகு சேஃப் மோட். பல நேரம் இங்கேயே எழுந்துவிடும்.

சிலருக்கு அந்த இடத்தில் 48 இலக்க எண் ஒன்று கேட்கும். பயப்பட வேண்டாம், வைரஸ் இல்லை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் சாவி அது. புது லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே பூட்டு விழுந்திருக்கும். எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லேப்டாப்பை முதலில் திறந்தீர்களோ, அந்தக் கணக்கில் சாவி பெரும்பாலும் இருக்கும், செல்போனிலேயே பார்த்துவிடலாம். விற்ற கடைக்காரரே தன் கணக்கைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால், சாவி அவர் கணக்கில் இருக்கும்! இந்தச் சாவியால் பெரிய இடங்களும் தவித்ததுண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை நீக்கினால் சரியாகிவிடும் பழுதுதான். உள்ளே போகவே பல இடங்களில் இந்த 48 இலக்கம் தேவைப்பட்டதால் வேலை இழுத்தது.

எதற்கும் எழவில்லை என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், வரும் முதல் பதில்: "ஃபார்மட் போட்டுடலாம் சார்." தடுத்து நிறுத்துங்கள். "டி டிரைவில்தானே எல்லாம் இருக்கு" என்று நாம் தலையாட்டுவோம். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தவை இருப்பது சி டிரைவில். பென்டிரைவில் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை ஏற்றி அதிலிருந்து கணினியை எழுப்பினால், விண்டோஸைத் தொடாமலே கோப்புகளை வெளியே எடுக்கலாம். டிஸ்க் பூட்டியிருந்தால் அதற்கும் அந்தச் சாவி வேண்டும். கோப்பு கைக்கு வந்த பிறகு எந்த விண்டோஸ் போட்டால் என்ன?

கோப்பே காணாமல் போனால் கதை வேறு. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலரின் பழைய ஃபோல்டரை, உள்ளே கோப்பு இருந்ததையும் பாராமல் அழித்தது. நான்கே நாளில் வெளியீட்டை நிறுத்தினார்கள். நவம்பர் 13-ல்தான் மறுபடி வந்தது. புதுப்பிப்பை நீக்கினால் அழிந்தது திரும்பாது. அப்போது மைக்ரோசாஃப்ட் சொன்னதும், கணினியை முடிந்தவரை தொடாதீர்கள் என்பதுதான். அழிந்த இடத்தில் வேறு ஏதும் எழுதப்பட்டால் மீட்க முடியாது.

பிழைத்து எழுந்த கணினியில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கலாம். எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பாமினியோ வானவில்லோ, எதில் அடித்ததோ அதை மறுபடி நிறுவினால் தமிழ் வந்துவிடும். யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு 2010இலேயே ஆணை பிறப்பித்துவிட்டது. ஆனாலும் நம் பத்திரிகை அலுவலகத்துக்குப் படைப்பு அனுப்புகிறவர்களில் பழைய எழுத்துருக்காரர்கள் குறையவில்லை. யூனிகோடில் அனுப்புங்கள். முடியாதவர்கள் மின்னஞ்சலில் எழுத்துருவின் பெயரையாவது ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் கவிதையை எந்த எழுத்துருவில் படிப்பது என்று நாங்கள் குறி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்