இல்லாத பாடலுக்கு எழுதிய உரை

சென்ற மாரிகாலத்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஒரு கட்டுரை கொண்டுவந்தான். புறநானூற்றில் விரும்பிய ஒரு பாடலை எடுத்து, அதன் பொருளையும் அது உங்களுக்கு என்ன சொல்கிறது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பலரும் எதிர்பார்த்தபடியே கணியன் பூங்குன்றனாரிடம் போயிருந்தார்கள். இவன் மட்டும் 267ஆம் பாடலை எடுத்திருந்தான். ஒன்பது அடிகளில் மூலம், பாடிய புலவரின் பெயர், திணை, துறை, கீழே தெளிவான உரை. போருக்குப் போய்த் திரும்பாத மகனின் வேலைத் தடவிப் பார்க்கும் தாய் ஒருத்தியைப் பற்றிய பாடல். வாசித்தபோது எனக்கே ஒரு கணம் நெஞ்சு இளகிற்று.

புறநானூற்றில் 267ஆம் பாடல் இல்லை. 268உம் இல்லை. இலக்கம் இருக்கிறது, பாடல் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டதிலிருந்து இன்றுவரை எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. அந்த இரண்டு இடங்களும் வெறுமையாகவே இருக்கின்றன. ஏன் 267 என்று கேட்டேன். வேறு ஒருவரும் எடுக்காததாக இருக்கட்டும் என்று ஓர் இலக்கத்தைக் குத்துமதிப்பாகச் சொன்னானாம். நானூறில் இரண்டுதான் இல்லை. அதில் ஒன்றில் போய் விழுந்திருக்கிறான்.

"நான் கொப்பி அடிக்கேல்லை சேர். கேட்டனான், அது தந்தது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உரையில் பாதியை அவனே எழுதியிருந்தான், எழுத்துப் பிழைகளே அதற்குச் சாட்சி. அந்தப் பாடல் இல்லை என்று நான் சொன்னபோது அவன் கேட்ட கேள்வியைத்தான் இத்தனை மாதங்களாக மனதுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். "பொய்யெண்டால் ஏன் சேர் இவ்வளவு வடிவா எழுதுது?"

நாங்கள் படித்த காலத்தில் பொய்க்கு ஒரு முகம் இருந்தது. விடை தெரியாதவன் தாளில் தடுமாறுவான், மழுப்புவான், எழுத்து பெரிதாகிவிடும். ஆசிரியருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இந்த இயந்திரத்துக்குத் தடுமாற்றமே இல்லை. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுவது அதன் தொழில். தாய், மகன், வேல், நடுகல், முதுகுடி என்று எத்தனையோ புறப்பாடல்களின் சாயலை அது உள்வாங்கியிருக்கிறது. 267 என்று கேட்டால் அந்தச் சாயலில் ஒன்றைப் பிசைந்து தருகிறது. "தெரியாது" என்ற பதிலும் அதற்கு இன்னொரு சொற்றொடர்தான். அது வருவதும் வராததும் கேட்கும் விதத்தையும் செயலியையும் பொறுத்தது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அன்று மாலை நானே இரண்டு செயலிகளில் கேட்டுப் பார்த்தேன். ஒன்று, இந்தப் பாடல் கிடைக்கவில்லை என்று ஒழுங்காகச் சொன்னது. மற்றது புதிதாக வேறொரு பாடலைப் பாடியது.

பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்தக் கற்பிக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். கற்பிக்கப் போகிற பெரியவர்களின் நிலை என்ன என்பதற்கு இந்தக் கனடாவிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2025 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோர் மாகாணம், அடுத்த பத்தாண்டுகளில் கல்வியை எப்படி மாற்றுவது என்று நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மாணவருக்கும் ஆசிரியருக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றிய அடிப்படை அறிவைத் தர வேண்டும், அதில் அறநெறியும் பொறுப்பான பயன்பாடும் அடங்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. சில நாட்களில் சிபிசி செய்தியாளர்கள் ஒரு விடயத்தைக் கண்டுபிடித்தார்கள். அறிக்கையின் மேற்கோள்களில் குறைந்தது பதினைந்து, உலகில் இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் சுட்டின. அவற்றில் ஒன்று கனடியத் தேசியத் திரைப்பட வாரியம் 2008இல் எடுத்ததாகச் சொல்லப்பட்ட படம். அப்படியொரு படத்தை வாரியம் எடுக்கவே இல்லை. மேற்கோள் எழுதுவது எப்படி என்று மாணவருக்குக் காட்ட விக்ரோறியா பல்கலைக்கழகத்தின் கையேடு ஒன்றில் கற்பனையாகக் கொடுத்திருந்த மாதிரி அது. இதிலுள்ள சில உதாரணங்கள் கற்பனை என்று அந்தக் கையேடே சொல்லிவிடுகிறது.

இயந்திரம்தான் இதைச் செய்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சந்தேகம் அங்கேதான் போயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அத்தனை பேர் கூடிச் செய்த அறிக்கையில், இந்தப் படத்தை நான் பார்த்தேன், இந்தக் கட்டுரையை நான் வாசித்தேன் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. என் மாணவனுக்கும் அந்தக் குழுவினருக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்குப் பதினாறு வயது. அவ்வளவுதான்.

சட்டத்தரணிகளின் கதை இன்னும் பழையது. 2023 ஜூனில் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகளுக்கும் அவர்களின் நிறுவனத்துக்கும் நீதிபதி ஐயாயிரம் டொலர் தண்டம் விதித்தார். சாட்ஜிபிடி கொடுத்த, ஒருபோதும் நடக்காத வழக்குகளை அவர்கள் முன்தீர்ப்புகளாக நீதிமன்றத்தில் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சந்தேகப்பட்டு, இந்த வழக்கு உண்மையானதா என்று அந்தச் செயலியிடமே கேட்டிருக்கிறார். உண்மைதான் என்று அது சொல்லியிருக்கிறது. கள்ளனிடமே பூட்டைக் காட்டிப் பத்திரமா என்று கேட்ட கதை. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2025 மே மாதம் எங்கள் ஒன்ராறியோவிலும் அதே நாடகம் மறுபடி மேடையேறிற்று.

தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நியூயோர்க் நகரப் பாடசாலைகள் 2023 ஜனவரியில் செய்து பார்த்தன. மே மாதமே கைவிட்டுவிட்டன. பாடசாலைக் கணினியில் பூட்டினால் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியில் திறந்திருக்கிறது. கண்டுபிடித்துத் தண்டிக்கலாம் என்பது அடுத்த யோசனை. இந்த இடத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

பாடல் விவகாரம் நடந்து இரண்டு கிழமைக்குள் ஒரு மாணவி ஊர்க் கோயில் திருவிழா பற்றி எழுதிவந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. கட்டுரையின் தமிழோ, ஐம்பது வருடத்துக்கு முந்திய வாசகப் புத்தகத்தில் வருவது போல இருந்தது. ஏற்கெனவே சூடுபட்ட பூனையாக இருந்த நான், இயந்திர எழுத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு தளத்தில் அதைப் போட்டேன். தொண்ணூறு வீதத்துக்கு மேல் இயந்திரம் என்றது. வகுப்பிலே, மற்றப் பிள்ளைகள் இருக்கும்போதே, "இதை நீர் எழுதேல்லை" என்று சொல்லிவிட்டேன். இரவு தாயார் அழைத்தார். "மாஸ்டர், அவளின்ரை அம்மம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதினவள். வந்ததிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள்." அம்மம்மா வடமராட்சியில் முப்பது வருடம் படிப்பித்த ஆசிரியை. அந்தத் தமிழ் இயந்திரத்தின் தமிழ் அல்ல, இளைப்பாறிய ஒரு ரீச்சரின் தமிழ்.

சற்றுத் தேடிப் படித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். சாட்ஜிபிடியை உண்டாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டறி கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 வீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 வீதத்தை இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிட்டது. ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மாணவர்கள் எழுதிய 91 ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 வீதமானவற்றை அவை இயந்திர எழுத்து என்று பிழையாகச் சொல்லின. எளிய சொற்களில், எதிர்பார்க்கக்கூடிய ஒழுங்கில் எழுதுகிறவர்கள்மேல்தான் பழி விழுகிறது. வந்தேறிகளின் பிள்ளைகளுக்கு இது என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை, எங்கே குற்றம் சாட்டினேனோ அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் சுடுகிறது.

அதன் பிறகு வகுப்பில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் "யாரிடம் கேட்டேன்" என்று ஒரு சிறு பகுதி எழுத வேண்டும். செயலி, அம்மம்மா, அகராதி, பக்கத்து வீட்டு அங்கிள், எல்லாம் அங்கே வரும். கேட்பது குற்றமில்லை. கேட்டதை எங்கே போய்ச் சரிபார்த்தாய் என்பதுதான் அடுத்த வரி. ஒரு பையன் "செயலியிடம் கேட்டேன். பார்க்க நேரமில்லை" என்று எழுதிவந்தான். அந்த நேர்மைக்குப் பாதிப் புள்ளி போட்டேன். சரியா பிழையா என்று இன்னும் தெரியவில்லை.

இது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. உ.வே.சா. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்து வைத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் ஒன்றைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார் என்று முகப்பிலேயே இருக்கும். பிழை இருந்தால் கேட்க ஓர் ஆள் உண்டு. என் மாணவனுக்குப் பாடல் தந்த செயலி அப்படிப்பட்ட மின்னூல்களைப் படித்தும் இருக்கக்கூடும். அந்த முகப்புப் பக்கத்தை மட்டும் அது கற்றுக்கொள்ளவில்லை.

வேறு சிலவும் இருக்கின்றன. 2023 டிசம்பரில் வினிப்பெக்கில், மாணவிகளின் சாதாரணப் படங்களை இந்த நுட்பத்தால் நிர்வாணப் படங்களாக மாற்றிப் பரப்பிய சம்பவம் செய்தியானது. அன்று அதைப் பற்றி வகுப்பில் பேசக் கூசினேன். இப்போது பேசுகிறேன், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகமாக. நமக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்குவது இங்கே பிள்ளைகளின் வேலை. ஒருவன் தன் பெரியப்பாவின் அகதி விண்ணப்பத்தை, பெயர், ஊர், தடுத்து வைக்கப்பட்ட முகாம் உட்பட, அப்படியே ஓர் இலவசச் செயலியில் போட்டிருந்தான். அவனுக்கு அது வெறும் எழுத்து. அந்தத் தாள்களை வேறு கண் படாமல் பெரியப்பா எத்தனை வருடம் பொத்திப் பாதுகாத்தார் என்று அவரையே வகுப்புக்கு அழைத்துச் சொல்ல வைத்தோம். என் அரை மணிநேரப் பிரசங்கம் செய்யாததை அவரது பத்து நிமிடம் செய்தது.

புறநானூற்றுப் பையன் கட்டுரையைத் திரும்ப எழுதினான். பாடலை மாற்றச் சொன்னேன், மறுத்துவிட்டான். 266ஐயும் 269ஐயும் அச்சுப் புத்தகத்தில் வாசித்துவிட்டு, நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். தமிழ் சுமார்தான், பிழைகள் பதினொன்று. அடியில் "யாரிடம் கேட்டேன்" பகுதியில் முதலில் செயலியின் பெயர், பிறகு புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும். மூன்றாவது வரி இப்படி இருந்தது: "267இல் என்ன இருந்தது என்று சேரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது."