விடுதியும் ஒரு வகுப்பறை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், தென்னேரி, வாலாஜாபாத், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். எந்தப் பல்கலைக்கழகம்? எந்தப் பாடம்? விடுதிக்கு எவ்வளவு? இம்மூன்று வினாக்களுக்குள் அப்பேச்சு அடங்கிவிடுகிறது. தறியிலும் வயலிலும் பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டு, குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளையைச் சிதம்பரத்துக்கோ திருச்சிக்கோ அனுப்பும் பெற்றோர்க்கு இவ்வினாக்கள் இன்றியமையாதனவே. ஆயினும் நான்காவது வினா ஒன்று உண்டு. நம் பிள்ளை அங்கே யாரோடு, எவ்வாறு வாழப்போகிறான்? இத்திங்கள் அதனைக் குறித்துச் சிந்திப்போம்.

மாணவர் விடுதி என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமை அன்று. தென்னேரிக்குத் தெற்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கி வந்ததை அது எடுத்துரைக்கிறது. மாணவர்க்கு உணவு, படுக்கப் பாய், சனிக்கிழமை நீராட எண்ணெய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய் ஆகியவற்றுக்கெல்லாம் அதில் ஏற்பாடு உண்டு. ஏட்டை மட்டும் கொடுத்தால் போதாது, பயில்பவனின் பசியையும் உறக்கத்தையும் பேணவேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆனால் வேதமும் இலக்கணமும் பயிலும் உரிமை பெற்றிருந்த சிலருக்கே அக்கதவு திறந்திருந்தது.

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1257-இல், பாரிஸ் மாநகரில் ராபர்ட் தெ சோர்போன் என்னும் குரு, புனித லூயிஸ் மன்னரின் ஆதரவுடன் ஓர் இல்லம் அமைத்தார். எளிய குடியிற் பிறந்த அவர், இறையியல் பயில வந்த ஏழை மாணவர் உண்ணவும் உறங்கவும் இடமின்றி வருந்தலாகாது என்று கருதினார். இன்று உலகமெங்கும் அறியப்படும் சோர்போன் என்னும் பெயர், ஏழை மாணவர்க்காக எழுந்த இல்லத்தின் பெயரே என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நிறைகிறது.

எனினும், ஒரே கூரையின் கீழ்த் தங்குவதால் மட்டும் ஒற்றுமை பிறந்துவிடுவதில்லை. நெல்லைச் சீமையில் வ. வே. சு. ஐயர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலம் இதற்குச் சான்றாகும். நாட்டுப்பற்று மிக்க இளைஞரை உருவாக்குவதே அதன் நோக்கம். ஆயின் அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு படைக்கப்பட்டது. இச்செய்தி வெளியே தெரிந்ததும் தமிழகக் காங்கிரசில் பெரும் புயல் எழுந்தது. வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் கடுமையாக எதிர்த்தனர். 1925-இல் ஐயர் குருகுலப் பொறுப்பினின்று விலகினார். பூசலுக்கு முதன்மையான காரணம் பாடத்திட்டம் அன்று. குறை இருந்தது பந்தியில்.

இதைப் படித்து, ‘அது அவர்கள் கதை’ என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் ஆலயங்கள் சிலவற்றிலும் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து அமர்ந்த காலம் இருந்தது. கொரிந்து நகரத் திருச்சபையில் செல்வர் முந்தி உண்டு வயிறு நிறைய, ஏழையர் பசித்திருந்ததைப் புனித சின்னப்பர் தம் முதல் திருமுகத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! உடன் உண்ணும் இடத்தில் ஒருவனைத் தாழ்த்துவது ஆண்டவரின் திருவிருந்தையே அவமதிப்பதாகும் என்பது அவர் போதனை.

நம் மாநிலத்தில் விடுதி வாழ்வுக்குப் பெயர் பெற்றது சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அரசர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1929-இல், மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாகவே அது தோன்றியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசின் பொறுப்பில் வந்தது. இத்தகைய பல்கலைக்கழக விடுதிகளில் உழவர் மகனும் அலுவலர் மகனும் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். குழாயடியில் முறை வைத்துக் காத்திருப்பது, விளக்கை எப்போது அணைப்பதென்று அறைத்தோழனோடு இணங்குவது, நோயுற்றவனுக்குக் கஞ்சி வாங்கி வருவது ஆகிய பாடங்களுக்கு அங்கே தேர்வு இல்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் பயன் உண்டு. நம் பகுதி நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். கோர்வை சரியாக விழுந்தால் இரண்டும் பிரியாமல் நிற்கும்.

கோர்வை தவறினால் என்ன நேரும் என்பதையும் நாம் கண்டோம். 1996 நவம்பரில், அதே பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவம் பயின்ற முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரின் ராகிங் கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டார். தமிழகமே கலங்கிற்று. அதன் விளைவாக, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இக்குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தண்டனை பெற்றவர் கல்வி நிலையத்திலிருந்து நீக்கப்படுவார், வேறெங்கும் சேரவும் இயலாது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி, மாணவர் மட்டுமன்றிப் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளிக்கவேண்டும்.

அந்தப் பத்திரத்தில் நாம் எவ்வாறு கையெழுத்திடுகிறோம்? சேர்க்கை நாளின் அவசரத்தில், பத்துத் தாள்களுள் ஒன்றாக எண்ணிப் படியாமலே இட்டுவிடுகிறோம். நம் பிள்ளைக்கு யாரேனும் தீங்கிழைப்பாரோ என்று அஞ்சி இரவெல்லாம் விழித்திருக்கும் நாம், நம் பிள்ளை பிறர்க்குத் தீங்கிழைப்பானோ என்று ஒருமுறையேனும் எண்ணுவதுண்டா? முதலாண்டில் அழுதவனே மூன்றாம் ஆண்டில் பிறரை அழவைக்கிறான். ‘நான் பட்டேன், அவனும் படட்டும்’ என்னும் எண்ணம் விடுதியில் முளைப்பதற்கு முன்பே, அதன் விதை வீட்டில் விழுந்திருக்கக் கூடும். வேலை செய்ய வருபவருக்குத் தனிக் குவளை வைக்கும் வீட்டிலிருந்து செல்லும் பிள்ளை, விடுதிப் பந்தியில் யாரருகே அமர்வான்?

ஆகவே, பெட்டி கட்டுவதற்கு முன் சிலவற்றைச் செய்வோம். மகனாயினும் மகளாயினும் தன் துணியைத் துவைக்கவும், தன் தட்டைக் கழுவவும், செலவுக் கணக்கு எழுதவும் பழக்குவோம். அந்த உறுதிமொழிப் பத்திரத்தைப் பிள்ளையை அருகே அமர்த்தி, வரி வரியாகப் படித்த பின்னரே கையெழுத்திடுவோம். கொடுமை நேர்ந்தால் மறைக்காமல் நம்மிடமும் விடுதிக் காப்பாளரிடமும் கூறும்படி சொல்லி, 1800-180-5522 என்னும் ராகிங் தடுப்புத் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுப்போம். சொல்ல வரும் பிள்ளையை, ‘எல்லாரும் பட்டதுதானே’ என்று வாயடைக்காதிருப்போம்.

பிறகு, வாரந்தோறும் தொலைபேசியில் பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், ‘இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?’ என்று கேட்போம். தனியே உண்டேன் என்றால் அவன் தனிமையை அறிவோம். தன்னவரோடு மட்டுமே உண்டேன் என்றால் அவனைத் திருத்துவோம். புதிதாக வந்த ஒருவனை அழைத்து உடன் அமர்த்திக்கொண்டேன் என்றால், அன்றிரவு நம் குடும்பச் செபமாலையில் அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.