ஓர் இசைத்தட்டும் இரண்டு மதிப்பெண்களும்

மாணவன் ஒருவனது விடைத்தாளுக்கு 87 மதிப்பெண் அளித்த பரீட்சைக் குழுவினர், ஏழாண்டு கழித்து, அத்தாளில் ஓரெழுத்தும் மாறாதிருக்க, நூற்றுக்கு நூறு அளிப்பாராயின் நாம் என்ன நினைப்போம்? இத்தகையதொரு செயல் அமெரிக்க இசையுலகிலே நிகழ்ந்துளது.

பெருங் கம்பெனிகளின் தயவை நாடாது தம் வழியே செல்லும் குழுவினரது இசையை ‘இண்டி ராக்’ என்பர். அவ்வகையினருள், லூயிசியானா மாநிலத்து ரஸ்டன் நகரில் வளர்ந்த ஜெஃப் மாங்கம் என்பாரைத் தலைவராகக் கொண்ட ‘நியூட்ரல் மில்க் ஹோட்டல்’ குழுவும் ஒன்று. ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் த ஸீ’ என்பது அவர்தம் இரண்டாவது இசைத்தட்டு. 1997-ஆம் ஆண்டில் டென்வர் நகரில் பதிவாகி, 1998 பிப்ரவரியில் மெர்ஜ் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது.

நாற்பது நிமிஷத்திற் கேட்டு முடிக்கத்தக்க இத்தட்டிலே, கிதாருடன் டிராம்போன் முதலிய ஊதுகருவிகளும், அக்கார்டியனும், வில்லினால் இழைத்து ஒலிப்பிக்கும் மரமறுக்கும் வாளும் சேர்ந்துள. தச்சன் பட்டறைக்குரிய வாளுக்குக் கச்சேரியில் என்ன வேலை என்பார் அதன் ஒலியை ஒருமுறை கேட்பாராக. தொலைவில் ஒரு பெண் விம்முவது போன்றது அது. மாங்கத்தின் குரலோ இனியதென்று சொல்லத்தக்கதன்று. சுருதியின் விளிம்பில் நின்று கூவுவது. நாஜிகளின் முகாமில் 1945-ஆம் ஆண்டு, பதினைந்தே வயதில் மாண்ட ஆன் பிராங்கின் நாட்குறிப்பைப் படித்து அவர் உள்ளங் கலங்கினார். அக்கலக்கமே பாட்டுக்கள் பலவற்றிலும் ஊடுருவி நிற்கிறது.

வெளிவந்த காலத்தில் ‘ரோலிங் ஸ்டோன்’ ஐந்து நட்சத்திரங்களில் மூன்றே தந்தது. ‘பிட்ச்ஃபோர்க்’ என்னும் இசை இதழ் பத்துக்கு 8.7 அளித்தது, 2005-ஆம் ஆண்டில் மறுபதிப்பு வந்தபோது, அவ்விதழே 10.0 அளித்தது!

முதல் தீர்ப்பை நாம் குறைகூறோம். புதியதைக் கேட்டவுடன் எழுத நேர்வோர் அளந்து பேசுதல் இயல்பே. இரண்டாந் தீர்ப்பே நம்மை ஐயுறச் செய்கிறது. இடைப்பட்ட காலத்தில் அத்தட்டு ரசிகர் பலரது அன்புக்கு உரியதாயிற்று. அவ்வன்பின் ஆரவாரம் விமர்சகர் செவியிலும் விழுந்திராதோ? மறுமுறை எழுதியவர் வேறொருவர் என்பது மெய்யே. கேட்குந்தோறும் வளரும் இசையும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் வளர்ந்தது இன்னதென எடுத்துரைக்கும் சொற்களை விடுத்து, அந்தப் பத்தையன்றோ பலரும் நினைவிற் கொண்டனர்!

அதனினும் பெரியதொரு வினா உளது. படுகொலையுண்ட சிறுமியொருத்தியின் துயரத்தை அயலான் ஒருவன் தன் கனவுக்கும் காதலுக்கும் பொருளாக்குதல் தகுமா? இதற்கு 8.7-உம் விடையன்று; 10.0-உம் விடையன்று. தகும் என்பதே நம் கருத்து. அவர் அவளைக் கருவியாக்கித் தம் புகழைத் தேடவில்லை. காப்பாற்றக் காலந்தாழ்ந்து வந்தவன்போல் அரற்றுகிறார். தகாது என்பார்க்கும் நியாயம் உண்டு. அவ்வழக்கைத் தம் பத்திகளில் விரித்துரைப்பதே விமர்சகர்தம் கடமையென்போம்.

மாங்கமோ, இசைத்தட்டு வெளிவந்த பின்னர்ச் சிலகாலம் ஊரூராகப் பாடிவிட்டு ஒதுங்கினார். 2013 முதல் 2015 வரை குழுவினர் மீண்டும் மேடையேறிப் பழைய பாட்டுக்களைப் பாடினர். மூன்றாவது இசைத்தட்டு அவர்களிடமிருந்து வரவில்லை.