தனியா வாழ்றவங்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம்... ஆனா அவங்களைத் தயார்படுத்துறது யாரு?

கல்யாணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்து ஆனவர் என யாராக இருந்தாலும் ஒரு குழந்தைக்கு வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். 2024 ஜூனில் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டு நெறிமுறைகள் இப்படித்தான் சொல்கின்றன. அதற்கு முன்பு வரை திருமணமான தம்பதிக்கு மட்டும்தான் இந்த வாய்ப்பு இருந்தது. இப்போது 35 வயது நிரம்பிய தனிநபரும் விண்ணப்பிக்கலாம். ஒரு முக்கியக் கட்டுப்பாடு: தனியாக வாழும் ஆணிடம் பெண் குழந்தையை ஒப்படைக்க மாட்டார்கள்.

கதவு அகலமாகத் திறந்தாச்சு. உள்ளே வருபவர்களைத் தயார்படுத்தும் வேலைதான் அதே வேகத்தில் நடக்கவில்லை. ஒரு வீட்டில் ஒத்துவராமல் இல்லத்துக்கே திரும்பும் குழந்தைக்கு அது இரண்டாவது கைவிடல்.

<b>தத்தெடுப்பும் இதுவும் ஒண்ணா?</b>

இல்லை. பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான்.

தத்தெடுத்த குழந்தை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளை. பெயர், சொத்துரிமை எல்லாம் வரும். வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி இல்லை. 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவின் கீழ், குழந்தைகள் நலக் குழு ஒரு குழந்தையை ஒரு குடும்பத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். குறுகிய காலம் என்றால் ஓராண்டு வரை. நீண்ட காலம் என்றால் 18 வயது வரைகூட நீட்டிக்கலாம். படிப்பு, சாப்பாடு, மருத்துவம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் குழுவிடம்.

பொதுவாக 6 வயதுக்கு மேற்பட்ட, இல்லங்களில் வளரும் குழந்தைகளுக்கான ஏற்பாடு இது. கைக்குழந்தை கிடைக்கும் என்று வருபவர்கள் இதை முதலிலேயே தெரிஞ்சுக்கணும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. வளர்த்த குழந்தையையே தத்தெடுக்க வேண்டுமானால் முன்பு 5 ஆண்டுகள் காத்திருக்கணும். இப்போது 2 ஆண்டுகள் போதும். நல்ல விஷயம்தான். அதே நேரம், 'தத்தெடுப்பு வரிசையில் நிக்காம இப்படிப் போயிடலாம்' என்ற கணக்கோடு வருபவர்களும் இருப்பார்கள். சட்டப்படி தத்துக்குத் தகுதியான குழந்தையாக இருந்தால்தான் அந்த வழி. பெற்றவர்கள் உயிரோடு இருந்து, பிள்ளையை மீட்டுக்கொள்ளப் போராடிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சே கிடையாது.

<b>முதல் மூணு மாசம் எப்படி இருக்கும்?</b>

விண்ணப்பம் கேட்பது வயது, வருமானம், உடல்நலம், போலீஸ் சரிபார்ப்பு. எல்லாம் தேவைதான். ஆனால் வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் தலையணைக்கு அடியில் நாலு சப்பாத்தி கிடந்தால் என்ன செய்வது என்று எந்தப் படிவமும் சொல்லித் தராது.

பசியை அனுபவித்த குழந்தைகள் சாப்பாட்டைப் பதுக்குவது உலகம் முழுக்க வளர்ப்புப் பெற்றோர் பார்க்கும் விஷயம். அது திருட்டு இல்லை. நாளைக்கு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். 'ஏன்டா திருடுன?' என்று கேட்டால் அடுத்த முறை இன்னும் நல்லா ஒளித்துவைக்கும். சாப்பாட்டு மேஜையில் எப்போதும் ஒரு டப்பாவில் பிஸ்கட்டோ பழமோ வைத்து, 'இது உனக்குத்தான், எப்ப வேணா எடுத்துக்க' என்று சொன்னால் பயம் மெல்ல மெல்ல குறையும்.

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மணி அடித்தால் எழுந்திருக்கணும், மணி அடித்தால் சாப்பிடணும். பத்து வயதிலும் கடைக்குப் போய் உப்பு வாங்கித் தெரியாது. யாரையும் கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறக்கலாம் என்பதே தெரியாது. தனி அறை கொடுத்தால் சந்தோஷப்படும் என்று நினைப்பார்கள். இருபது பேரோடு ஹாலில் படுத்துப் பழகிய குழந்தைக்கு தனி அறை என்றால் தூக்கமே வராது.

இன்னொன்று. முதல் சில வாரங்கள் குழந்தை ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கும். சொன்னதைக் கேட்கும், தட்டைக் கழுவி வைக்கும். அப்புறம் திடீரென்று கத்தும், பொய் சொல்லும், படுக்கையை நனைக்கும். 'எவ்வளவு செஞ்சும் இப்படிப் பண்ணுதே' என்று பெரியவர்கள் நொந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் குழந்தை அப்போது ஒரு கேள்வி கேட்கிறது: நான் மோசமா நடந்தாலும் என்னை வெச்சுக்குவீங்களா? இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பல வீடுகள் அந்த மாதத்தைத் தாண்டிவிடும். சொல்லாவிட்டால் 'எங்களால முடியல, கூட்டிட்டுப் போங்க' என்று அலுவலகத்துக்கு போன் போகும்.

வீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருந்தால் அதையும் தயார்படுத்தணும். சைக்கிள் யாருடையது என்ற சண்டையில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

அக்கம்பக்கத்தையும் மறக்க வேண்டாம். 'யார் வீட்டுப் பிள்ளை? என்ன ஆளுங்க?' என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். குழந்தையின் கடந்த காலத்தைச் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது என்பதை வீட்டில் ஒருமுறை பேசி வைத்துக்கொள்வது நல்லது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிட சட்டத்தின் 74-வது பிரிவு தடை போடுகிறது. ஆசையாக எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன்பும் இதை யோசிக்கணும்.

<b>பணம் எவ்வளவு கிடைக்கும்?</b>

'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். ஒரு நாளைக்கு சுமார் 133 ரூபாய். பள்ளி வேன், டியூஷன், காய்ச்சல் வந்தால் டாக்டர் என்று பார்த்தால் கையைக் கடிக்கும். இது சம்பளம் இல்லை, குழந்தைக்கான உதவித்தொகை.

<b>சோதிக்க வர்றாங்க... தோள் கொடுக்க யாரு?</b>

வளர்ப்புக் குடும்பத்தை மாதந்தோறும் ஆய்வு செய்யணும் என்று சட்டம் சொல்கிறது. குழந்தையின் பாதுகாப்புக்கு இது கட்டாயம் வேண்டும். ஆனால் ஆய்வுக்கு வருபவரிடம் 'நேத்து கோபத்துல கத்திட்டேன், தப்பு பண்றேனோன்னு பயமா இருக்கு' என்று எந்தத் தாய் மனம் விட்டுப் பேசுவார்? சொன்னால் பிள்ளையைக் கூட்டிப்போய்விடுவார்களோ என்றுதானே தோன்றும்?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு ஒரு சமூகப் பணியாளர், வளர்ப்புப் பெற்றோருக்கு இன்னொருவர். இரண்டாமவரின் வேலையே பெரியவர்களுக்குத் துணையாக இருப்பதுதான். அனுமதி கிடைக்கும் முன்பே பயிற்சி வகுப்பு உண்டு. அனுமதி கிடைத்த முதல் ஆண்டுக்குள் இன்னொரு கட்டப் பயிற்சியையும் முடிக்கணும்.

இங்கே மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'நிறுவனம் சாரா பராமரிப்பு' என்று ஒரு பாதுகாப்பு அலுவலர் பணியிடம் இருக்கிறது. நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு, 18 வயதுக்குப் பிந்தைய பராமரிப்பு எல்லாம் அந்த ஒரு மேஜைக்குத்தான் வரும். அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச அவருக்கு நேரம் வேண்டுமே! வளர்ப்புப் பெற்றோர் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஓர் இடம், கூப்பிட்டால் வரும் ஓர் ஆற்றுப்படுத்துநர் என்று இரண்டு ஏற்பாடு செய்தாலே பாதிப் பாரம் இறங்கும். இதற்குப் பெரிய பட்ஜெட்டும் தேவையில்லை.

<b>பெத்தவங்க பார்க்க வந்தா?</b>

வரலாம். பெற்றோர் வளர்க்க முடியாத நிலையில் இருந்ததால் குழந்தை ஒப்படைக்கப்பட்டிருந்தால், அவர்கள் அவ்வப்போது வந்து பார்க்க சட்டத்தில் இடம் உண்டு, குழு வேண்டாம் என்று சொல்லாத வரை. அவர்கள் நிலைமை சரியாகிவிட்டது என்று குழு முடிவு செய்தால் குழந்தை அவர்களிடமே திரும்பலாம்.

இரண்டு வருஷம் தலை வாரிவிட்டு, ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்து, பிறகு பையைக் கட்டி அனுப்புவது சாதாரண விஷயம் இல்லை. பெற்றவரைப் பற்றி குழந்தை முன்னால் ஒரு வார்த்தை குறைவாகப் பேசாமல் அதைச் செய்யணும். இந்த இடத்தில் பெரியவர்களுக்கும் ஆலோசனை வேண்டும்.

<b>விண்ணப்பிக்கும் முன்...</b>

தத்தெடுப்புக்கான 'கேரிங்ஸ்' இணையதளத்திலேயே வளர்ப்புப் பெற்றோராகவும் பதிவு செய்யலாம். அல்லது மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகை நேரில் அணுகலாம். அங்கே போகும்போது ஆவணங்களோடு சில கேள்விகளையும் எடுத்துப் போங்க. குழந்தையின் உடன்பிறப்புகள் எங்கே இருக்காங்க? (அவர்களை முடிந்தவரை சேர்த்தே வைக்கணும் என்பது சட்டம்.) இதுக்கு முன்னாடி எத்தனை இடம் மாறியிருக்கு? எதுக்குப் பயப்படும்? பெத்தவங்க நிலைமை என்ன? உதவித்தொகை யார் கணக்குல, எந்த மாசத்துல இருந்து வரும்?

அப்புறம், 1098 அவசரத்துக்கான எண். அவசரம் என்று சொல்ல முடியாத, ஆனால் தூங்கவும் முடியாத ஒரு ராத்திரியில் யாருக்கு போன் பண்ணணும் என்று கேட்டு, அந்த நம்பரை வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்க.