பேராசிரியருக்கு எதற்கு ‘டார்கெட்’?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரக் கிராமங்களில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் வண்ணக் கையேடுகளுமாக இருவர் மூவராக வீடு வீடாகச் சென்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் விற்பனைப் பிரதிநிதிகள் அல்லர். தனியார் சுயநிதிக் கல்லூரிகளின் உதவிப் பேராசிரியர்கள். முதுநிலைப் பட்டமும், சிலர் முனைவர் பட்டமும் பெற்றவர்கள். அவர்களுக்குக் கோடை என்பது விடுமுறைக் காலமன்று, ‘அட்மிஷன்’ காலம்.

பல கல்லூரிகளில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் எண்ணிக்கை நிர்ணயிக்கப்படுகிறது. கல்லூரி வட்டாரத்தில் அதற்கு ‘டார்கெட்’ என்றே பெயர். அதை எட்டினால் ஊக்கத்தொகை. எட்டாவிட்டால் ஊதிய உயர்வு தள்ளிப்போகும், சம்பளம் பிடிக்கப்படும், சில இடங்களில் வேலையே போகும். எல்லாக் கல்லூரிகளும் இப்படி நடந்துகொள்வதில்லை. ஆயினும் இது விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடும் அளவுக்கு அரிதானதும் அன்று. எனக்குத் தெரிந்த உதவிப் பேராசிரியர் ஒருவர், தாம் நடத்திய பாடத்தில் மாணவர்கள் பெற்ற தேர்ச்சியைப் பற்றி நிர்வாகம் ஒருமுறைகூட விசாரித்ததில்லை என்றும், எத்தனை பேரைச் சேர்த்தார் என்று மட்டும் வாரந்தோறும் கேட்டதென்றும் வருத்தத்துடன் சொன்னார்.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. தமிழகத்தில் 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. பின்னர் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. தேவைக்கு மிஞ்சிய இடங்கள் உருவாயின. 2018, 2019-ஆம் ஆண்டுகளின் கலந்தாய்வுகளில் ஏறத்தாழப் பாதி இடங்கள் காலியாகவே இருந்தன. அதே காலகட்டத்தில், 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2018-19-இல் தளர்த்தியது. மாணவர் கட்டணத்தையே வருவாயாகக் கொண்ட கல்லூரிக்குக் காலி இடம் என்பது இழப்பு. அந்த இழப்பின் அச்சம் படிப்படியாகக் கீழிறங்கி ஆசிரியரின் தலையில் வந்து அமர்ந்திருக்கிறது.

கல்லூரிகள் தங்களைப் பற்றி விளம்பரம் செய்வதில் தவறில்லை. ஆசிரியர்கள் ஊர்களுக்குச் சென்று மாணவர்களைச் சந்திப்பதிலும் தவறில்லை. தவறு, அந்தச் சந்திப்பின் மீது சம்பளத்தைக் கட்டித் தொங்கவிடுவதில் இருக்கிறது.

ஜவுளிக் கடையில் விற்பனையாளர் ஒரு சேலையைப் புகழ்ந்தால், அவர் விற்பதற்காகப் பேசுகிறார் என்பது வாங்குவோருக்குத் தெரியும். அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டுதான் அவர் சொல்லைக் கேட்கிறோம். ஆனால், கல்லூரிப் படியை மிதித்தவர் எவருமில்லாத ஒரு வீட்டுக்குப் பேராசிரியர் வந்தால், பெற்றோர் எழுந்து நிற்கிறார்கள். ‘சார் சொன்னால் சரியாக இருக்கும்’ என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எந்தக் கல்லூரி நிர்வாகமும் ஈட்டியதன்று. ஊர் ஊராகப் பணியாற்றிய பல தலைமுறை ஆசிரியர்கள் தங்கள் நடத்தையால் சேர்த்துவைத்த சொத்து அது. ‘டார்கெட்’ முறை அந்தச் சொத்தை எடுத்துச் செலவழிக்கிறது.

ஒருவர் சொல்வது ஆலோசனையா விற்பனையா என்பதை அறிய எளிய வழி உண்டு. ‘உங்கள் மகளுக்கு இந்தப் படிப்பு வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருக்கிறதா? ‘இந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும்’ என்று சொன்னால் அவர் வேலை தப்புமா? எண்ணிக்கை நிர்ணயிக்கப்பட்ட ஆசிரியருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தம் துறையில் தேர்ச்சி விகிதம் என்ன, எத்தனை ஆசிரியர்கள் ஆண்டின் நடுவே விலகிச் சென்றார்கள், வேலைவாய்ப்பு விளம்பரத்தில் உள்ள எண்ணிக்கை எப்படி வந்தது என்பவை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இடம்பெற்றிருந்ததை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. உள்ளே இருக்கும் ஆசிரியர் பேசினாலன்றி இத்தகைய செய்திகளை ஒரு கிராமத்துத் தாய் எங்கே போய் அறிவார்? உண்மையை மிக அதிகமாக அறிந்தவரையே வாய்மூடவைக்கிறது இந்த முறை.

இதில் பொதுப்பணமும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010-இல் கொண்டுவந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் ஆணை 2012-இல் வந்தது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-இல் நடைமுறைக்கு வந்தது. அவர்களுடைய கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. இவை மூன்றும் போற்றத்தக்க திட்டங்கள். ஆனால், ‘ஒரு பைசா கட்ட வேண்டாம்’ என்ற வாசகத்தை ஆள்சேர்ப்போரின் கையில் கொடுத்தவையும் இவைதாம்.

கல்வி உதவித்தொகையை நம்பி, நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்களைத் தேடித்தேடிச் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. 2017-இல் அந்த இடங்களுக்கு வழங்கும் தொகைக்கு மாநில அரசு வரம்பு விதித்தது. 2018-இல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோரை உதவித்தொகையிலிருந்தே விலக்கின. விதிகள் மாறியபோது இடையில் அகப்பட்டுக்கொண்டவர்கள் மாணவர்கள்தாம். இலவசம் என்று வாக்களித்தவர் அடுத்த ஆண்டு அதே கல்லூரியில் இருப்பார் என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை. கட்டணம் இல்லை என்ற சொல்லுக்குள் பேருந்து, விடுதி, சீருடை, பயிற்சிக் கட்டணங்கள் அடங்குமா என்பதை அந்த நேரத்தில் யாரும் விளக்குவதில்லை.

அமெரிக்கா இந்தப் பாதையில் நமக்கு முன்பே நடந்து அடிபட்டிருக்கிறது. அரசின் மாணவர் நிதியுதவியைப் பெறும் கல்லூரிகள், சேர்க்கை எண்ணிக்கையின் அடிப்படையில் ஆள்சேர்ப்போருக்கு ஊக்கத்தொகையோ தரகுத்தொகையோ வழங்குவதை 1992-லேயே அந்நாட்டுச் சட்டம் தடைசெய்தது. 2002-இல் 12 விதிவிலக்குகள் புகுத்தப்பட்டன. அதன் விளைவாக, இலாப நோக்குக் கல்லூரிகளின் ஆள்சேர்ப்பு கட்டுக்கடங்காமல் போகவே, 2011-இல் அந்த விதிவிலக்குகள் நீக்கப்பட்டன. இந்தத் தடையை மீறியதாகத் தொடரப்பட்ட வழக்கை, ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் 2009-இல் 6.75 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 2012-இல் வெளியான அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை, தான் ஆராய்ந்த இலாப நோக்குக் கல்வி நிறுவனங்களில் 2010-இல் ஆள்சேர்ப்புக்கு 35,202 பேரும், மாணவர்களுக்கு வேலை தேடித்தரும் பிரிவில் 3,512 பேரும் பணியாற்றியதாகக் கணக்கிட்டது. அங்கே ஆள்சேர்ப்போர் என்று தனியே ஒரு பணியாளர் கூட்டம் இருந்தது. இங்கே வகுப்பறையில் நிற்க வேண்டியவரையே அந்த வேலைக்கு அனுப்புகிறோம்.

இதற்கு மறுமொழி இல்லாமல் இல்லை. ஆசிரியர்கள் வீடு தேடிச் செல்லாவிட்டால், பிளஸ் 2-வோடு படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைக்கப்படும் பெண்கள் சிலர் கல்லூரிக்கே வந்திருக்க மாட்டார்கள் என்கிறார்கள் கல்லூரித் தரப்பினர். அதில் உண்மை உண்டு. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதமாக இருக்க, தமிழகத்தின் விகிதம் 47 சதவீதம். இந்த உயரத்தில் தனியார் கல்லூரிகளுக்கும் பங்குண்டு. அதனால்தான் சந்திப்பை நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணிக்கையை நீக்கச் சொல்கிறேன். இடம் நிரம்பாவிட்டால் ஆசிரியரின் வேலையும் போகுமே என்பது மற்றொரு வாதம். எத்தனை இடங்கள், எந்தப் பாடப்பிரிவு என்று முடிவெடுத்தது நிர்வாகம். அந்த முடிவின் இடரையும் நிர்வாகமே சுமப்பதுதான் நியாயம்.

அரசு செய்யக்கூடியது என்ன? கல்விக் கட்டணத்துக்கு ஈடாக அரசுப் பணத்தைப் பெறும் ஒவ்வொரு கல்லூரியும், தன் ஆசிரியர் எவருடைய ஊதியமோ பதவி உயர்வோ பணித் தொடர்ச்சியோ மாணவர் சேர்க்கை எண்ணிக்கையைச் சார்ந்ததன்று என்று எழுத்துமூலம் உறுதியளிக்க வேண்டும். பணம் விடுவிப்பதற்கு அதை நிபந்தனையாக்கலாம். மீறல் குறித்து ஆசிரியர்கள் பெயரை வெளியிடாமல் முறையிட அண்ணா பல்கலைக்கழகமும், கலை அறிவியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்றவையும் வழிசெய்ய வேண்டும். தேர்ச்சி விகிதம், ஆசிரியர் எண்ணிக்கை, பேருந்து விடுதி உள்ளிட்ட அனைத்துக் கட்டணங்கள் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, சந்திக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கொடுப்பது கட்டாயமாக வேண்டும்.

மாணவர்களின் கைப்பேசி எண்கள் பள்ளிகளிலிருந்து கல்லூரிகளுக்குப் போவதும் நிற்க வேண்டும். 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிளஸ் 2 மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதினரே. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்ததையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ போன்ற அரசின் வழிகாட்டுத் திட்டங்கள் அரங்க நிகழ்ச்சிகளோடு நின்றுவிடாமல், முடிவுகள் வெளியானதும் வீடுகளைச் சென்றடைய வேண்டும். ஆதாயம் எதிர்பாராத ஓர் ஆலோசகர் அருகில் இருந்தால், மற்றவரின் பேச்சை எடைபோடுவது எளிது.

அதுவரை, வாசலுக்கு வருபவரிடம் பெற்றோர் மரியாதையுடன் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: ‘என் பிள்ளை உங்கள் கல்லூரியில் சேர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் சார், சேராவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும்?’ அவர் தயங்கினால் அவரைக் குறைசொல்ல வேண்டாம். அந்தத் தயக்கமே கல்லூரியைப் பற்றிய தகவல்தான்.